காயில் கடையில் ஒரு ஹாம் ரேடியோ

மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்குத் தூக்கத்தில்கூடக் கை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நீங்களும் எப்போதாவது செம்புக் கம்பியைச் சுற்றியவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண்ணிக்கொண்டே வரும்போது யாராவது வந்து "மணி என்னங்க?" என்பார்கள். "பத்தரை" என்று சொன்ன நொடியில், நாம் இருந்தது நூற்று நாற்பத்தேழிலா நாற்பத்தெட்டிலா என்பது காற்றோடு போய்விடும். அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் கோயமுத்தூர் கணபதியில் நடராஜண்ணனின் காயில் கடையில் வேலை பார்த்தேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், எது எரிந்தாலும் எங்களிடம் வரும். கருகிய காயிலை வெட்டியெடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, ஓவனில் காயவைத்துக் கொடுப்போம். அண்ணனையும் சேர்த்து நாலு பேர். பெண் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் லூர்து கோயமுத்தூர்–வால்பாறை பஸ்ஸில் டிரைவர். இன்றைக்கு மலையேறினால் நாளைக்குத்தான் இறங்கி வருவார். அவர் மேலே இருக்கும் நாட்களில் எங்கள் ஒன்றரை அறை வீடு எனக்கு ரொம்பப் பெரியதாகத் தெரியும். அந்தக் காலி இடத்தில்தான் ரேடியோ வந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டு பொட்டலம்

ஒருநாள் மத்தியானம் அன்வர் பாய் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்தார். கோட்டைமேட்டுக்காரர். ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் கடையில்தான் அவர் வீட்டு கிரைண்டருக்கு மூன்று தடவை காயில் கட்டியிருக்கிறோம். பையிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கம்பி, மஞ்சளும் கறுப்புமாகச் சின்னச் சின்ன வளையங்கள். என் சுண்டுவிரலில்கூட நுழையாத மோதிரங்கள் மாதிரி இருந்தன.

ஹாம் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது, சொந்தமாகச் செட் செய்து, லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு காற்றுவழியாகப் பேசலாம் என்று பாய் விளக்கினார். அவரும் பதினோரு நண்பர்களும் சேர்ந்து கிட் வரவழைத்திருக்கிறார்கள். எல்லாச் சாமானும் இருக்கிறது, காயில் மட்டும் நாமே சுற்றிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேரும் சுற்றிப் பார்த்து, கம்பி முறுக்கிக்கொண்டு, அதன்மேல் பூசிய எனாமல் உரிந்து, கடைசியில் யாருக்கோ எங்கள் கடை ஞாபகம் வந்திருக்கிறது.

நடராஜண்ணன் ஒரு வளையத்தை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அதன் ஓட்டை வழியாக வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பாய் சொன்ன அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. ஆனாலும் ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

"ஏனுங்க பாய், இந்த மோட்டாரு எத்தன அடி ஆழத்துல இருந்து தண்ணி எடுக்குமுங்க?"

ஒன்று என்பது எது

வேலை என் கைக்கு வந்தது. பெரிய மோட்டாரில் நூற்றுக்கணக்கில் சுற்றிப் பழகிய கைக்கு முப்பது சுற்று என்பது கொட்டாவி விடும் நேரம் என்று நினைத்தேன். கம்பியோ தலைமுடி கனம்தான். இழுத்தால் அறுந்தது, விட்டால் சுருண்டது. ஊசி கோக்கிற மாதிரி ஓட்டைக்குள் விட்டு, இந்தப் பக்கம் வாங்கி, படியவைத்து, மறுபடி உள்ளே விட வேண்டும். கடையில் மற்றவர்கள் மோட்டாரின் இரும்புக் கூடான ஸ்டேட்டரைத் தட்டிக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைச் செய்தேன். பத்துச் சுற்றுக்கு மேல் போனால் சத்தமெல்லாம் தூரமாகிவிடும். விரலும் கம்பியும் எண்ணும் மட்டும்தான் மிச்சமிருக்கும். கனவுக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த மாதிரி இருந்த நாட்கள் அவை. மூன்று நாளில் பன்னிரண்டு பொட்டலத்தையும் முடித்தேன்.

ஒரு வாரத்தில் பாய் திரும்பி வந்தார். பதினோரு செட்டைக் கட்டி முடித்திருக்கிறார்கள், எல்லாம் வேலை செய்கின்றன, ஆனால் எல்லாமே தப்பான இடத்தைக் கேட்கின்றன. ஹாம்காரர்கள் பேசும் அலைவரிசைக்குப் பதிலாக, கொஞ்சம் கீழே, எங்கேயோ ஏதோ ஒரு பாஷையில் யாரோ செய்தி வாசிக்கிறார். எல்லாக் காயிலையும் விளக்கு வெளிச்சத்தில் வைத்து எண்ணினோம். முப்பத்தொன்று. எனக்கு முகம் சுட்டது. மோட்டாரில் கம்பி முழுசாக ஒரு வட்டம் வந்தால்தான் ஒன்று. இந்த வளையத்தில் அப்படி இல்லையாம். ஓட்டைக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டாலே ஒன்று. நான் முதல் நுழைவை எண்ணவே இல்லை.

பன்னிரண்டிலும் ஒரு சுற்றை அவிழ்த்தேன். பக்கத்திலேயே நின்றிருந்த பாய் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க மோட்டார்ல ஒரு சுத்து கூடிப்போனாலும் தண்ணி வந்துரும்மா. இதுல ஒரு சுத்து கூடிப்போச்சுன்னா ஊரே மாறிப்போவுது."

வாத்துச் சத்தத்துக்குள் ஒரு மனிதர்

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர், செட்டைக் கட்டும் முன்பே, பெருந்துறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கேட்பாரில்லாமல் கிடந்த அவருடைய கிட்டைப் பாய் கொண்டுவந்து, "நீங்களே கட்டுங்களேன்" என்று என்னிடம் நீட்டினார். நான் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவள். எங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் தோட்டங்காட்டில் கூலிக்குப் போனவர்கள். சால்டரிங் எனக்குப் பழக்கம்தான். இது எதற்கு என்று யோசிக்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

லூர்து மலையில் இருந்த நாட்களில், கடை விட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூசைக்குக் கிளம்பும் முன் பேட்டரியை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தேன். முதலில் தூரத்து மழை மாதிரி ஒரு இரைச்சல். குமிழை மெதுவாகத் திருப்பினால் அதற்குள்ளே விசில், அதற்கப்புறம் வாத்து கத்துவது மாதிரி என்னவோ. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். வாத்து மனிதராகிவிட்டது. மலையாள வாடை அடிக்கிற இங்கிலீஷில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். என் சமையலறையில், ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், நான் சுற்றிய கம்பி வழியாக. நான் அசையவே இல்லை. அசைந்தால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை.

மறுநாள் வந்த லூர்துவின் காதில் ஹெட்போனை வைத்தேன். அன்றைக்கும் அதே ஆள் கிடைத்தார். வீட்டு முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டதைப் பற்றி வேறு யாரிடமோ சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லூர்து கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி என்னிடம் கொடுத்தார்.

"இத்தன தூரம் தாண்டி வந்து, முருங்கமரத்தப் பத்தியா பேசறாங்க?"

ஓவனில் ஒரு சின்னது

கேட்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்த கஷ்டம் தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும் ஆள் நழுவுவார். ஐந்து நிமிஷம் நன்றாக இருக்கும் குரல் கீச்சென்று ஏறி மறுபடி வாத்தாகிவிடும். குமிழைத் திருப்பிப் பிடித்தால் மறுபடி நழுவும். அலைவரிசையைப் பிடித்துவைக்கிற காயில் சூட்டில் லேசாக விரிகிறது, அந்த வளையத்தை விட்டுவிட்டு வேறு எதிலாவது சுற்றிப் பாருங்கள் என்றார் பாய். எத்தனை சுற்று என்று கேட்டேன். அது சுற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். காயில் கட்டுகிறவர்களே, இதைவிடக் கொடுமையான வாக்கியம் நம் தொழிலில் உண்டா?

முதலில் ஃபிலிம் ரோல் டப்பாவில் சுற்றினேன். காயில் அசையாமல் இருக்க மோட்டாருக்குச் செய்கிறதையே செய்தேன். வார்னிஷில் முக்கி, கடை ஓவனில் ஓர் ஓரமாக வைத்தேன். திறந்து பார்த்தபோது டப்பா உருகி, கம்பி மட்டும் காலிக் கூடு மாதிரி நின்றது. அப்புறம் பழைய வயரிங்கில் சுவரில் அடிக்கிற பீங்கான் உருளை கண்ணில் பட்டது. கடையில் அது ஒரு கூடை கிடந்தது. பீங்கான் எந்தச் சூட்டுக்கும் அசையாது. அதில் சுற்றி, கேட்டு, அவிழ்த்து, அரைச் சுற்றுக் குறைத்து, மறுபடி கேட்டு, ஒரு மாதம் போனது. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் செம்பு நிறத்தில் ஒரு கோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

சரியான எண் கிடைத்த அன்று வார்னிஷ் முக்கி மறுபடி ஓவனில் வைத்தேன். பக்கத்தில் யாரோ ஒரு விவசாயியின் அஞ்சு எச்.பி. ஸ்டேட்டர் காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த நடராஜண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம அஞ்சு எச்.பி.க்குக் கொழந்த பொறந்திருக்குதாட்ட இருக்குது!"

ருக்மணியக்காவின் சேலைகள்

அதுவரை ஜன்னலில் தொங்கிய ஒரு துண்டுக் கம்பிதான் ஏரியல். தூரத்துக் குரல்களுக்கு நீளமான ஏரியல் வேண்டும். இருபது மீட்டர் கம்பி. எங்கள் ஓட்டுக்கூரையின் ஒரு மூலையிலிருந்து காம்பவுண்டுக்குள் இருந்த வேப்பமரம் வரைக்கும் கட்டினேன். அந்தக் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். இவ்வளவு நீளமாக, இவ்வளவு இழுவையாக, வெயில் படுகிற இடத்தில் ஒரு கம்பி கட்டினால் ஆறு குடித்தனத்துக்கும் அது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டு ருக்மணியக்கா மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். காலை ஷிப்டு முடிந்து வந்து துவைப்பார். மூன்று நாளாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காயிலைத்தான் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்றி, சுரண்டி, மறுபடி ஒட்டி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குப் பார்த்தேன். கடைசியில் வெளியே வந்து மேலே பார்த்தால், என் ஏரியலில் நாலு ஈரச் சேலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மஞ்சள், நீலம், ஊதா, மறுபடி மஞ்சள். அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் திட்டத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா உடனே சேலைகளை உருவி எடுத்தார். எடுக்கிற வேகத்தில் ஊதாச் சேலை மண்ணில் விழுந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டது இதுதான்:

"அம்மணி, ஈரம் பட்டா அவியளுக்கு உன்ர பேச்சு கேக்காதா, இல்ல உனக்கு அவிய பேச்சு கேக்காதா?"

பாயின் காது

பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குப் பரீட்சை. மெட்ராஸ் போக வேண்டும். நெடிலும் குறிலுமாக வரும் மோர்ஸ் என்கிற தந்திச் சத்தத்தைக் காதால் கேட்டு எழுத்தாக எழுத வேண்டும். நான் அதைக் கடையில் படித்தேன். காயில் மிஷினின் கைப்பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். நிதானமாகச் சுற்றினால் நெடில், வெடுக்கென்று சுற்றினால் குறில். நான் கட்டிய மோட்டார்கள் சிலவற்றில் கொங்குநாட்டு விவசாயிகளுக்குத் தெரியாமலே சில இங்கிலீஷ் வார்த்தைகள் புதைந்து கிடக்கின்றன.

பாயும் நானும் குழுவில் இன்னும் இரண்டு பேரும் ரயிலில் போனோம். எல்லாருக்கும் விஷயம் சொல்லிக்கொடுத்தவர் பாய்தான். புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் மோர்ஸ் ஆரம்பித்த இரண்டாவது வரியில் அவர் பென்சில் நின்றுவிட்டதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தேன். பிறகு நகரவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் தேறினோம். அவர் தேறவில்லை. திரும்பி வரும் ரயிலில் நான் ஜன்னலுக்கு வெளியே ஓடும் தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பாய்தான் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து எல்லாருக்கும் பங்கு வைத்துக்கொண்டே சொன்னார்:

"வுடுங்கம்மா, நான் அடுத்த தடவ எழுதிக்கறேன். அது வரைக்கும் நீங்க பேசுங்க, கேக்கறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

விசாரணை

தேறினால் உடனே லைசென்ஸ் வந்துவிடாது. போலீஸ் விசாரணை உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். காம்பவுண்டு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. பெட்டியைக் காட்டினேன், பீங்கான் காயிலைக் காட்டினேன், வேப்பமரம் வரை போகும் கம்பியைக் காட்டினேன். அவர் விசாரணைப் பாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன். "யாரு அந்த நேரத்துல கேட்டுட்டு இருக்காங்களோ, அவங்ககிட்ட." என்ன பேசுவீர்கள் என்றார். "எப்படிக் கேக்குதுன்னு கேப்பேனுங்க. அங்க மழையான்னு கேப்பேன்." அவர் பேனாவை மூடினார், திறந்தார். அந்தக் கட்டத்தில் எதை எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது:

"யாருகிட்டன்னே தெரியாம மழ பெய்யுதான்னு கேக்கறதுக்கு, அம்மணி, இத்தன பாரமுங்களா?"

முதல் பதில்

லைசென்ஸ் வந்தது. செட்டில் பேசுவதற்கான பகுதியையும் கட்டப் பாய் கூட இருந்தார். நான் மைக்கைப் பிடித்து அழைத்தேன். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள். ஒன்பது நாள் காலையில் யாருமில்லாத கிணற்றுக்குள் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. கடையில்கூட யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சந்தோஷமாக இருந்தது.

பாய் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி என்றது மீட்டர். எனக்குத்தான் ஒரு சந்தேகம். மோட்டாரில் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் எனாமல் உரிந்து ஒட்டிக்கொண்டால் மீட்டருக்குத் தெரியாது. ஆனால் அந்த இடம் சுடும். செட்டை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒவ்வொரு காயிலாக விரலால் தொட்டுப் பார்த்தேன். கடைசிக் காயில் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. முனையைச் சுரண்டும்போது நானே பக்கத்துச் சுற்றையும் உரித்திருக்கிறேன். புதிதாகச் சுற்றினேன்.

பத்தாம் நாள் அழைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கிருந்து பதில் வரும்? சிலோனா, ரஷ்யாவா, கடலில் போகிற கப்பலா? லைசென்ஸில் கொடுத்த என் அழைப்புக்குறியைச் சொல்லி ஒரு குரல் தெளிவாகத் திரும்பி வந்தது. பெயர் பழனிச்சாமி. காரமடையில் மாவு மில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ்.

"நல்லா கணீர்னு கேக்குதுங்க! நாளைக்கு மில்லு மோட்டாரத் தூக்கிட்டுக் கணபதிக்குத்தான் வாரேன், மிச்சத்த நேர்லயே பேசிக்கலாமுங்க!"

மழை நாள்

அதற்கப்புறம் காலையில் அரை மணி நேரம் பேசுவது வழக்கமானது. பழனிச்சாமியண்ணன் இருப்பார். வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த கோபி இருப்பார். கோபி பேசும்போது பின்னால் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். லூர்து தங்கியிருக்கிற ஊரின் மழை என் காதில் பெய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஆடி மாதம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. லூர்துவின் வண்டி காலையில் இறங்கியிருக்க வேண்டும். மத்தியானம்வரை வரவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து டெப்போவுக்குப் போன் செய்தேன். மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது, வால்பாறைக்கு லைன் செத்துக் கிடக்கிறது, வண்டி எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். கடைக்குத் திரும்பி வந்து கம்பியைக் கையிலெடுத்தேன். எண்ணவே முடியவில்லை. மூன்றுக்கு மேல் போகவில்லை. நடராஜண்ணன் வந்து கையிலிருந்து கம்பியை வாங்கிக்கொண்டார். "ஊட்டுக்குப் போயி அந்தப் பொட்டியப் போடு கண்ணு" என்றார்.

ஹெட்போனில் இடி வெடிவெடியாக விழுந்தது. அழைத்தேன். பழனிச்சாமியண்ணன் உடனே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், இந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச வேண்டாம், அவசரம் என்று தமிழிலும் தெரிந்த இங்கிலீஷிலும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கோபியை அழைத்தேன். ருக்மணியக்கா வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம் இருக்கும். இரைச்சலுக்கு அடியில், கிணற்றின் அடியில் சில்லறைக் காசு தெரிகிற மாதிரி, ஒரு குரல். கரண்டு இல்லை, எஸ்டேட் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றிவந்து பேசுகிறேன் என்றார் கோபி. வண்டி மேல்பக்கத்து வளைவு ஒன்றில் நிற்கிறது. முன்னால் மண், பின்னால் மரம். ஆட்களை நடத்தி எஸ்டேட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குச் சிராய்ப்பு. டிரைவர் மட்டும் வரவில்லை.

"வரலைன்னா?" என்றேன். "வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னாராம்" என்றார் கோபி. "வாட்சரை அனுப்பறேன். கேட்டுட்டு வரட்டும். ஓவர்." அப்புறம் வெறும் மழை. நான் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பீங்கான் காயில் அசையவில்லை, அலைவரிசை ஒரு மயிரிழை நழுவவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் அந்த இரண்டு மணி நேரம் நழுவாமல் இருந்தேன். கோபி திரும்பி வந்தபோது அவர் கையில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு வரி இருந்தது. என் வீட்டுக்காரர் எழுதியதை ஒவ்வொரு வார்த்தையாக, இடிக்கு நடுவில், இரண்டு தடவை படித்தார்:

"ஸ்டெல்லா, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்கும்தான்."

பாராட்டு

மூன்றாம் நாள் பாதை திறந்தது. லூர்து வண்டியோடு இறங்கி வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். நான் வேலைக்குப் போகாமல் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் டெப்போ மெக்கானிக் ஒருவர் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். அன்று சாயங்காலம் நான் பூத்துக்கு ஓடி டெப்போவுக்குச் சொன்ன செய்தியால்தான், வண்டியில் போனவர்களின் வீடுகளுக்கெல்லாம் டெப்போவிலிருந்து ஆள் அனுப்ப முடிந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நடராஜண்ணன் நாற்காலி போட்டார், டீ வந்தது, கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். மெக்கானிக் டீயைக் குடித்து முடித்து, காக்கிப் பையிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"ரேடியோ சமாச்சாரமெல்லாம் கேள்விப்பட்டனுங்க அம்மணி, ரொம்ப சந்தோசம். இந்த ஹாரனுக்குக் காயில் போயிருச்சு, கட்டித் தருவீங்களா?"

கட்டிக் கொடுத்தேன்; இத்தனை வருஷத்தில் மோட்டாருக்கும் ரேடியோவுக்கும் ஹாரனுக்குமாக நான் கட்டிய காயில்களிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு கவனமாக எண்ணிச் சுற்றினாலும், கடைசி முனை வந்து சேர வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் குட்டையாகத்தான் நிற்கும்.